‘மருந்துக்குப் பூச்சி பழகிருச்சுங்க’: அடிக்கடி கேக்கற கேள்விகளும் நம்மளால முடிஞ்ச பதிலும்

நான் உடுமலைப் பக்கம் ஒரு காலேஜ்ல விலங்கியல் சொல்லிக்குடுக்கறவன், பொழுதோட ஊட்டுக்கு வந்தா அப்பாரு வெச்சுட்டுப் போன நாலு ஏக்கர் தென்னைக்கும் நான்தான் ஆளு. ரெண்டு பக்கமும் ஒரே கேள்விதான் வருது. கிளாஸ்ல பசங்க அடாப்டேஷன்ம்பாங்க, டீக்கடையில பழகிருச்சும்பாங்க. சூழல் இவ்வளவு வேகமா மாறும்போது உசுருங்க எப்படித் தாக்குப் புடிக்குது, எது புடிக்காம போயிருதுன்னு வருஷக்கணக்கா வாயில சொன்னதையெல்லாம் ஒட்டுக்கா எழுதி வெச்சிருக்கேன். வரிசையெல்லாம் பாக்காதீங்க, கேள்வி வந்த மாதிரிதான் இருக்கும்.

பூச்சி மருந்துக்குப் பழகிருச்சுன்னு எல்லாரும் சொல்றோம், அது சரிதானுங்களா?

சரியில்லைங்க. இந்த ஒரு வார்த்தைதான் நம்மளை ஏமாத்துது.

ஒரு கத்திரிக்காட்டை நெனச்சுக்குங்க. கணக்குக்காகச் சொல்றேன், அதுல 10,000 புழு இருக்குது. வெடியால டேங்க்கைத் தூக்கி அடிச்சுட்டு மக்யாநாள் போய்ப் பாத்தா 9,990 செத்துக் கெடக்குது, நமக்கு ஒரே சந்தோஷம், கடைக்காரர்கிட்ட நல்ல மருந்துங்கன்னு போன் போட்டுச் சொல்றோம். சாகாத 10 புழுவை யாரும் பாக்கலை. அந்தப் பத்தும் அந்த ஒரு ராத்திரியில மருந்து குடிச்சுப் பழகிக்கலைங்க. அதுங்க ஒடம்புல அந்த வெஷத்தை உடைக்கற என்சைம் மத்ததைவிட எச்சா இருந்திருக்கும், இல்ல வெஷம் போய் ஒட்டற எடமே சித்த வேற மாதிரி அமைஞ்சிருக்கும். நீங்க மருந்து வாங்கறதுக்கு முன்னாடியே, பொறக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு, மருந்து இல்லாத வரைக்கும் அதால ஒரு லாபமும் இல்ல.

இப்ப போட்டிக்கு ஆளே இல்ல, காடு பூரா அந்தப் பத்துக்குத்தான். அதுங்க குட்டிபோட்டுப் பெருகி அடுத்த தலைமொறை வரும்போது பாதிக்கு மேல அதே குணத்தோட வருது. நாம அதே மருந்தை டோஸ் ஏத்தி அடிக்கறோம். நாலு ரவுண்டு இப்படியே போனா மருந்து வெறும் தண்ணிதான். பழகுனது எந்தப் புழுவும் இல்லைங்க, சாகறது செத்துப்போச்சு, சாகாதது பெருகிருச்சு. யாரு இருக்கோணும் யாரு போகோணும்னு பொறுக்கி எடுத்தது நம்ம ஸ்பிரேயர்தான்.

அப்ப ‘பழகறது’ன்னு ஒண்ணு கெடையவே கெடையாதுங்களா?

இருக்குது, ஆனா அது வேற கணக்கு. ஊட்டில இருந்து மே மாசம் தாராபுரம் வந்த ஆளு மொத வாரம் தவிச்சுப் போயிருவாரு, ரெண்டு வாரத்துல ஒடம்பு வேர்க்கற வெதமே மாறிக்கும். ஒரு உசுரு தன் ஆயுசுக்குள்ள தன்னைச் சரிபண்ணிக்கறது அது. அவரு புள்ளைக்கு அது போகாது, அது தானா வந்து பழகிக்கோணும்.

எனக்குப் புடிச்ச உதாரணம் தலைப்பிரட்டைங்க. கோடை மழைக்குத் தேங்கற குட்டையில தவளை முட்டை போட்டிருக்கும். தண்ணி நல்லா நின்னா குஞ்சு மெதுவாத் தின்னு, பெருசா வளந்து, அப்புறம் கால் வெச்சு வெளிய வரும். தண்ணி சுண்ட ஆரம்பிச்சா, அப்படிச் சுண்டறதே குஞ்சோட ஒடம்புல ஹார்மோனைத் தூண்டிவிட்டு, அவசர அவசரமாக் கால் மொளைச்சு, சுண்டைக்கா அளவு தவளையாக் கரையேறிரும். சின்னதா இருக்கறதால பின்னாடி கஷ்டம்தான், ஆனா குட்டையோட காஞ்சு சாகறதுக்கு அது தேவலை. ஒரே ஜீன், ரெண்டு வழி. பாடத்துல இதுக்குப் பேரு பிளாஸ்டிசிட்டி, வளைஞ்சு குடுக்கறதுன்னு வெச்சுக்குங்க. வளையறதுக்கும் ஒரு எல்லை இருக்குது, நாலே நாள்ல வத்தற குட்டையில எந்தத் தவளைக்குஞ்சும் தப்பாது.

எத்தனை வருஷத்துல ஒரு எனம் மாறும்?

வருஷத்தைக் கேக்காதீங்க, தலைமொறையைக் கேளுங்க. நல்ல வசதியான எடத்துல ஒரு பாக்டீரியா 20 நிமிஷத்துல ரெண்டாகும். தென்னையில வர்ற வெள்ளை ஈக்கு ஒரு மாசம் ஒண்ணரை மாசம். யானை 22 மாசம் சொமந்து ஒரு குட்டி போடும், அடுத்த குட்டிக்கு நாலஞ்சு வருஷம் ஆகும். நம்ம ஆயுசுல பாக்டீரியாவுக்கு லட்சக்கணக்குல தலைமொறை ஓடிருது, யானைக்கு மூணு வந்தா பெருசு.

கண்ணு முன்னாடியே மாறுனதுக்கு ஒரு கதை இருக்குது. கலாபகஸ் தீவுக்கூட்டத்துல டாஃப்னி மேஜர்னு ஒரு சின்னத் தீவு, அங்க பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட்னு ஒரு புருசன் பொஞ்சாதி வருஷா வருஷம் போய் ஒவ்வொரு குருவியாப் புடிச்சு அலகு அளந்தாங்க. 1977-ல மழையே இல்ல. சின்ன வெதையெல்லாம் தின்னு தீந்து, மிச்சம் இருந்தது நெருஞ்சி. ஆமாங்க, நம்ம காட்டுல செருப்பைக் குத்திக்கிட்டு நிக்கற அதே நெருஞ்சி குடும்பம்தான். அந்த முள்ளுக்காயை உடைக்கத் தடிச்ச அலகு வேணும். 100-க்கு 85 குருவி செத்துப்போச்சு, மிஞ்சுனதுல தடிச்ச அலகுதான் எச்சா, அதுங்க குஞ்சும் அப்படியே வந்துச்சு. ஒரே பஞ்சத்துல! அப்புறம் 1983-ல பேய்மழை, பொடி வெதை ஏகமா வெளைஞ்சு, அடுத்த ரெண்டு வருஷத்துல சின்ன அலகுக்கு லாபம் திரும்பிருச்சு. முன்னேறிக்கிட்டே போறதுன்னு ஒண்ணும் இல்லைங்க, அந்தந்த வருஷத்துக்கு எது ஒத்து வருதோ அது.

நம்மூர்ல 2016 வடகெழக்குப் பருவமழை பொய்ச்சு தென்னை மொட்டை மொட்டையா நின்னப்ப நான் இந்தக் கதையைத்தான் நெனச்சுக்கிட்டேன். ஆனா தென்னையால குருவி மாதிரி ரெண்டு வருஷத்துல மாற முடியாது. மரத்துக்குள்ள பாளை உருவாகி வெளிய எட்டிப்பாக்கறதுக்கே ரெண்டு ரெண்டரை வருஷம் ஆகுது. அதனாலதான் மழை வந்த பொறவும் காய் புடிக்காம ‘இன்னும் என்ன கெரகம்’னு எல்லாரும் மரத்தைப் பாத்துக்கிட்டே நின்னோம்.

பிடி பருத்தி வந்தா மருந்தே வேண்டாம்னாங்களே, எங்க தப்பாச்சு?

கொஞ்சம் பெருசாச் சொல்லோணும், ஏன்னா நம்ம ஜில்லாவுக்கே பருத்திதான் சோறு போட்டுது, மில்லும் அதால வந்ததுதான்.

மண்ணுல இருக்கற ஒரு பாக்டீரியாவோட (அது பேரோட சுருக்கம்தான் ‘பிடி’) ஜீனைப் பருத்திக்குள்ள வெச்சா செடியே புழுவைக் கொல்லற புரதத்தை உண்டுபண்ணும். இந்தியாவுல 2002-ல அனுமதி, 2006-ல ரெண்டு ஜீன் வெச்சது வந்துச்சு. 2010-ல குஜராத்துல மொத ஜீனை மீறுன இளஞ்சிவப்பு காய்ப்புழு இருக்குதுன்னு அறிவிச்சாங்க, அடுத்த நாலஞ்சு வருஷத்துல ரெண்டு ஜீனும் அதுக்கு வேலை செய்யலை.

இப்படி ஆகும்னு முன்னாடியே தெரியுமுங்க. அதுக்குத்தான் 450 கிராம் பிடி வெதையோட 120 கிராம் சாதா வெதை ஒரு சின்னப் பாக்கெட்ல அப்ப வந்துச்சு, அதைக் காட்டைச் சுத்தி நடோணும்னாங்க. புகலிடம்னு பேரு. எங்க மாமா அந்தப் பாக்கெட்டை வரப்பு மேல வெச்சுட்டு வந்துட்டாரு. ஏன் மாமான்னு கேட்டா, ‘புழுவுக்கு நான் எதுக்கு மாப்ள சோறு போடோணும்’னாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது, யாரும் காரணத்தை ஒக்கார வெச்சுச் சொல்லலை.

காரணம் இதுதான். வெஷத்தைத் தாங்கற குணம் அப்பன்கிட்ட இருந்தும் ஆத்தாகிட்ட இருந்தும் ரெண்டு பக்கமும் வந்தாத்தான் புழு முழுசாத் தப்பும், ஒரு பக்கம் மட்டும் வந்தா பெரும்பாலும் செத்துரும். பிடி காட்டுல தப்பிச்ச ஒண்ணு ரெண்டு பூச்சி ஜோடி தேடும்போது, பக்கத்துச் சாதாப் பருத்தியில வளந்த ஆயிரம் சாதாப் பூச்சி பறந்துக்கிட்டு இருந்தா அதுகளோடதான் சேரும், பொறக்கற குஞ்சு பிடி செடியைத் தின்னா சாகும். சாதாச் செடியே இல்லைன்னா தப்பிச்சதும் தப்பிச்சதும் ஜோடி சேருது. மாமா சோறு போடாம விட்டது சாகற புழுவுக்குங்க, சாகாத புழுவுக்கு மட்டும் பந்தி போட்டாச்சு.

இன்னொரு வெசயம், பச்சைக் காய்ப்புழுன்னு ஒண்ணு இருக்கே, அது துவரை, கொண்டக்கடலை, தக்காளின்னு எல்லாத்தையும் தின்னும், அதனால அதுக்கு ஊரே புகலிடம். இளஞ்சிவப்புப் புழுவுக்கு ஏறக்கொறையப் பருத்தி மட்டும்தான், அதுதான் சீக்கிரம் மீறுச்சு. அமெரிக்காவுல அரிசோனாப் பக்கம் மொதல்ல புகலிடமும் வெச்சு, அப்புறம் மலடாக்குன பூச்சியை ஏரோப்ளேன்ல இருந்து கொட்டியும் பண்ணி, 2018-ல அந்தப் புழு அவங்க பருத்திக்காட்டுல இல்லைன்னே அறிவிச்சுட்டாங்க. புழுவும் அதே எனம், வெஷமும் அதே சாதி.

கரப்பான் கூடவா?

கூடத்தான். கரப்பானுக்கு வெக்கற ஜெல்லுல இனிப்புக்காகக் குளுக்கோஸ் கலப்பாங்க. 1990-களோட தொடக்கத்துல அதைச் சீந்தாத ஜெர்மன் கரப்பான் இருக்கறது தெரிஞ்சுது. 2013-ல காரணமும் தெரிஞ்சுது, அதுங்க நாக்குக்கு, நாக்குன்னு வெச்சுக்குவோமே, குளுக்கோஸ் கசக்குது. இனிப்பைக் கசப்புன்னு உணர்ற கிறுக்குக் கரப்பான் முன்னாடி பட்டினி கெடந்திருக்கும். ஜெல் வந்த பொறவு அதுதான் பொழைச்சுது.

ஆன்டிபயாட்டிக் கதையும் இதுதானுங்களா?

அடிப்படை இதுதான், ஆனா பாக்டீரியாகிட்ட இன்னொரு வித்தையும் இருக்குது. புழு தன் குட்டிக்கு மட்டும்தான் ஜீனைக் குடுக்கும். பாக்டீரியா பக்கத்துல இருக்கற, ஒறவே இல்லாத வேற சாதி பாக்டீரியாவுக்குக்கூட பிளாஸ்மிட்ங்கற சின்ன வளையத்துல வெச்சுத் தாட்டி விட்டுரும். ஒறம்பரைக்குச் சீர் குடுக்கறது கேள்விப்பட்டிருக்கோம், இது ரோட்டுல போறவனுக்கே சீர் குடுக்குது.

கோலிஸ்டின்னு ஒரு மருந்து, வேற எதுவும் கேக்காதப்ப ஆஸ்பத்திரியில கடைசியாக் குடுக்கறது. அதையே பல நாடுகள்ல கோழிக்கும் பன்னிக்கும் தீவனத்துல போட்டாங்க. 2015-ல சீனாவுல அந்த மருந்தை மீறற ஜீன் பிளாஸ்மிட்ல ஏறி ஊர் சுத்தறது தெரிஞ்சுது. நம்ம நாட்டுல 2019-ல உணவுக்கு வளக்கற கால்நடைக்குக் குடுக்கக்கூடாதுன்னு தடை போட்டாங்க. நாமக்கல்லும் பல்லடமும் இருக்கற ஊர்க்காரங்க நாம, இது யாரோ ஊட்டுச் சேதி இல்ல.

நொய்யல்ல சாயத்தண்ணி ஓடுனப்ப அங்க இருந்த உசுரெல்லாம் என்னாச்சு?

வெள்ளியங்கிரில தெளிஞ்ச தண்ணியாப் பொறப்பட்டு வர்ற ஆறு, திருப்பூரைத் தாண்டும்போது என்ன கலர்ல பனியன் ஓடுதோ அந்தக் கலர். ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல பாசனத்துக்குன்னு கட்டுனாங்க, கடைசியில அது உப்பும் சாயமும் தேங்கற தொட்டியாயிருச்சு. 2011 ஜனவரில ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச்சொன்ன அளவுக்குப் போச்சு.

அப்பவும் அதுல உசுரு இல்லாம இல்லைங்க. சாக்கடைச் சேத்துல நெளியற செகப்புப் புழுவைப் பாத்திருப்பீங்க, கைரோனாமஸ்னு கொசு மாதிரி ஒரு பூச்சியோட கொழந்தை அது. நம்ம ரத்தத்துல இருக்கற மாதிரியே ஹீமோகுளோபின் அதுக்கும் இருக்குது, அதான் செகப்பு, ஆக்சிஜன் இல்லாத சேத்துலயும் இழுத்துப் புடிச்சு மூச்சு விடும். ஜிலேபிக் கெண்டை உப்பையும் அழுக்கையும் ஓரளவு தாங்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தி தண்ணிக்கு மேல தலையை நீட்டிக் காத்தையே குடிச்சுக்கும். இதுங்க யாரும் நொய்யலுக்காக மாறலை. வேற எங்கயோ, எப்பவோ கெடைச்ச குணம் இங்க உதவிருச்சு. தெளிஞ்ச ஓடுதண்ணியை நம்பி இருந்த மீனுக்கெல்லாம் அந்த அதிர்ஷ்டம் இல்ல.

நெசமாவே வெஷத்துக்குள்ளயே மாறுன மீனும் ஒண்ணு இருக்குது. அமெரிக்காவோட கெழக்குக் கடக்கரைத் துறைமுகங்கள்ல கில்லிஃபிஷ்னு வெரல் நீள மீன், மத்த மீனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வெஷத்தைத் தாங்கிக்கிட்டு நீந்துது. அதால முடிஞ்சதுக்குக் காரணம் மொதல்லயே கோடிக்கணக்குல இருந்துச்சு, கோடிக்குள்ள வகை வகையா ஜீன் இருந்துச்சு. நொய்யல் மாதிரி பாதி வருஷம் வத்தற ஆத்துல, அங்கங்க மடுவுல மாட்டிக்கிட்ட நூறு எரநூறு மீனுக்கு எங்கிருந்து அந்தக் கையிருப்பு?

வறட்சியிலதான் டெங்கு எச்சா வருதே, கொசுவுக்குத் தண்ணி வேண்டாமா?

அதுக்குத் தண்ணியை நாமதான் புடிச்சு வெச்சுத் தர்றோமே! எட்டு நாளைக்கு ஒருக்கா, பத்து நாளைக்கு ஒருக்கா குழாயில தண்ணி வந்தா ஊட்டுக்கு நாலு ட்ரம்மு வேண்டியிருக்குது. ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை ஆகாது, நம்ம குடிக்கற மாதிரி தெளிஞ்ச தண்ணிதான் வேணும். முட்டையைத் தண்ணியில போடாது, தண்ணி மட்டத்துக்குச் சித்த மேல ட்ரம் சொவத்துல ஒட்டி வெக்கும். தண்ணி தீந்து ட்ரம் காஞ்சாலும் முட்டை மாசக்கணக்குல சாகாது, மறுபடி தண்ணி ஏறுன ஒடனே பொரிஞ்சுரும். அதனால ட்ரம்மைக் கவுத்து வெச்சுட்டேன்னு சொல்றது பத்தாதுங்க, உள் சொவத்தைத் தேங்காநாரு போட்டுத் தேய்க்கோணும். கறுப்பு மொளகுப்பொடி தூவுன மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கறது அதுதான்.

சின்னத்தம்பி யானை மாறிருச்சா பழகிருச்சா?

பழகிருச்சு, இந்த எடத்துல அந்த வார்த்தை நூத்துக்கு நூறு சரி. கோயமுத்தூர்ப் பக்கம் தடாகத்துல தோட்டங்காட்டுக்குள்ள எறங்கிக்கிட்டு இருந்த காட்டு யானை அது, 2019 ஜனவரில புடிச்சு டாப்சிலிப் காட்டுக்குள்ள விட்டாங்க. அது காட்டுல நிக்கலை, எறங்கி நடந்து உடுமலைப் பக்கம் அமராவதி சக்கரை ஆலைகிட்ட வந்து கரும்புக்காட்டுல ஒக்காந்துக்கிச்சு. நான் போய்ப் பாத்தேன், சனம் நோம்பிக்கு வந்த மாதிரி நிக்குது, அது பாட்டுக்குக் கரும்பை ஒடிச்சு மண்ணை ஒதறி ஒதறித் தின்னுக்கிட்டு இருந்துச்சு, சத்தத்தைத் துளிகூடக் கண்டுக்கலை. பிப்ரவரில மறுபடி புடிச்சு, அப்புறம் கும்கியாப் பழக்குனாங்க.

யானை மாதிரி மெதுவாப் பெருகற உசுருக்குக் கையில இருக்கறது மூளைதான். எந்தத் தோட்டத்துல வேலியில கரண்ட் இல்ல, எந்த நேரத்துல ஆளு தூங்குவான்னு கத்துக்கும், குட்டியும் கூட நடந்து கத்துக்கும். ஜீன்ல மாத்தம் வரவே வராதான்னா, வரும், வெலை ரொம்ப எச்சு. மொசாம்பிக்ல கொரொங்கோசாக் காட்டுல 1977-ல இருந்து 1992 வரைக்கும் உள்நாட்டுச் சண்டையில தந்தத்துக்காக யானையைச் சுட்டுத் தள்ளுனாங்க, அதுக்கு முன்னாடி தந்தம் இல்லாத பொட்டை யானை 100-க்கு 18 மாதிரி இருந்தது பின்னாடி 100-க்கு 50 மாதிரி ஆயிருச்சு. அதுவும் மொத்தக் கூட்டத்துல பத்துல ஒம்போது பங்கு செத்த பொறவு.

வால்பாறை புதுத்தோட்டத்துல சிங்கவால் கொரங்கும் இந்தக் கணக்குதான். மரத்தை விட்டு எறங்காத சாதி, சுத்தி டீத்தோட்டமாகிக் காடு துண்டானதும் தரையில நடக்குது, ரோட்டைக் கடக்குது, ஊட்டு அடுப்படிக்கே வருது. பழகிக்கிச்சுன்னு ரசிக்கறோம், கார்ல அடிபடறதும் அதே பழக்கத்தாலதான். ரோட்டுக்கு மேல கயித்துப்பாலம் கட்டி விட்டிருக்காங்க, அதுல போறதையும் கத்துக்கிச்சு.

மயில் மட்டும் இந்தப் பெருக்குப் பெருகுதே?

மயில் மாறலைங்க, நம்ம ஊரு மயிலுக்குத் தோதா மாறிருச்சு. கண்டதையும் தின்னும், பாதி வெட்டவெளி பாதி புதரு கேக்கும். வெள்ளாமை இல்லாத காட்டுல சீமைக்கருவேலம் மொளைச்சுக் கெடக்குது, முட்டையையும் குஞ்சையும் தின்னற நரியைக் காணோம், தேசியப் பறவைன்னு சட்டமும் காவலுக்கு நிக்குது. அப்புறம் ஏன் பெருகாது? தக்காளி வெச்சவங்க வயித்தெரிச்சல் எனக்கும் புரியுது, என்கிட்ட அதுக்குப் பதில் இல்ல.

யாருக்குத்தான் ரொம்பக் கஷ்டம்?

மலை உச்சியில இருக்கறவங்களுக்கு. சூடு ஏறுனா கீழ இருக்கற உசுரு சித்த மேல ஏறிக்கலாம், உச்சியில இருக்கறது எங்க ஏறும்? வரையாடு, சோலைக்கிளி (கிளி இல்லைங்க, மலைச்சோலையில இருக்கற ஒரு சின்னப் பறவை) எல்லாம் அந்த ரகம். சோலைக்கிளியில பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்க ஒரு எனம், தெக்க வேற எனம். நமக்கு ஆடியில காத்து குடுக்கற அதே கணவாயை அந்தச் சின்னப் பறவை தாண்டாது, கீழ எறங்குனா வெயில். ஆயிரமாயிரம் வருஷமா ஒரே மாதிரி குளுருக்கு ஒடம்பை அமைச்சுக்கிட்டதுங்க, கையிருப்பும் கொறைவு, எண்ணிக்கையும் கொறைவு.

எப்ப மழை வரும்னே தெரியாத ஊர்ல நம்ம கொரங்காடு எப்படித் தாங்குது?

காங்கேயம் பக்கம் கிளுவை வேலி போட்டு, உள்ள வெள்வேலமும் கொழுக்கட்டைப்புல்லுமா விட்டு மாடு மேய்ப்பாங்களே, அதுல பெரிய பாடம் இருக்குது. கொழுக்கட்டைப்புல்லு வெதை எல்லாம் மொத மழைக்கே ஒட்டுக்கா மொளைக்காது. கொஞ்சம் மொளைக்கும், கொஞ்சம் அடுத்த மழைக்கு, கொஞ்சம் அடுத்த வருஷத்துக்குன்னு மண்ணுக்குள்ள தூங்கும். மொத மழை பொய் மழையாப் போனாலும் வம்சம் அழியாது. நெறைய வெளைஞ்சாலும் வெதைக்கம்பு எடுத்து வெக்காம வித்தா ஆத்தா வைவாங்க பாருங்க, அந்தப் புத்தியைப் புல்லு எப்பவோ வெச்சிருக்குது.

அங்க மேயற மாட்டையும் சொல்லோணும். காங்கேயம் கன்னு பொறக்கும்போது செவலையா இருக்கும், ஆறு மாசம் ஆனா சாம்பல் வெள்ளைக்கு மாறும், வெயில் வாங்காத நெறம். நாட்டு மாட்டுக்கு வேர்வைச் சொரப்பி பெருசு, ஒடம்புக்குள்ள உண்டாகற சூடும் கொறைவு. ஏப்ரல் மத்தியானத்துல கட்டுத்தறில ஒரு பக்கம் எச்.எஃப்.னு சொல்ற சீமைக் கலப்பு மாடு நாக்கைத் தொங்கப்போட்டு எரைக்கும், இந்தப் பக்கம் மயிலைப் பசு அசை போட்டுக்கிட்டு நிக்கும். பாலு எது எச்சாத் தரும்னு கேக்காதீங்க, அது வேற சண்டை.

நாம உதவி பண்ணி மாத்த முடியாதுங்களா?

பண்ணிக்கிட்டுத்தான் இருக்கோம், நம்ம கோயமுத்தூர்ல 1912-ல இருந்து. கரும்பு இனப்பெருக்க நிலையம் ஆரம்பிச்சு, ஆத்தோரம் மொளைக்கற நாணலையும் நல்ல கரும்பையும் சேத்து 1918-ல கோ 205-ன்னு ஒரு ரகம் விட்டாங்க. சக்கரை நல்ல கரும்புகிட்ட, தாங்கற சக்தி நாணல்கிட்ட. அந்த நாணலை வெட்டித் தீ வெச்சிருந்தா அந்த ரகமே வந்திருக்காது.

ஆனா ஒரே ரகம் நல்லாருக்குன்னு ஊரு பூரா அதையே வெச்சா மறுபடி பிடி பருத்திக் கதைதான். கோ 0238-ன்னு ஒரு ரகம் 2009-ல வெளியாகி உத்தரப்பிரதேசத்துல பெரும்பகுதிக் கரும்பே அதுதான்னு ஆச்சு, பத்துப் பன்னண்டு வருஷத்துல செவ்வழுகல் பூஞ்சணம் அதை மீறற மாதிரி வந்து நின்னுச்சு. பூஞ்சணத்துக்கு ஒரே ஒரு பூட்டைத் தெறக்கற சாவி கெடைச்சா ஊரே தெறந்துக்கும்.

தென்னை வாடல் நோய்க்கு வேற வழி புடிச்சாங்க. நோய் நல்லாத் தாக்குன தோப்புல சாகாம நின்ன மரமாப் பொறுக்கி, அதுல இருந்து கல்பரக்ஷா, கல்பஸ்ரீ மாதிரி ரகம் எடுத்தாங்க. மொதக் கேள்வியில ஸ்பிரேயர் பண்ணுன அதே பொறுக்கற வேலைதான், இங்க நமக்குச் சாதகமாப் பண்ணிருக்கு.

மனுசன்?

நாம ஜீனை மாத்தல, ஏசி மாட்டிக்கறோம்.

என்ற தோப்புல வெள்ளை ஈ, ஓலையெல்லாம் கரி புடிச்ச மாதிரி. என்ன மருந்து அடிக்கறது?

இது வாரம் ஒருத்தராச்சும் கேக்கறது. மொதல்ல ஒரு பழைய சங்கதி. 2008-ல கோயமுத்தூர்ல பப்பாளி மாவுப்பூச்சி வந்து எறங்குச்சு, மெக்சிகோப் பக்கத்துப் பூச்சி, அதைத் தின்ன இங்க யாரும் இல்ல. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் பஞ்சு வெச்ச மாதிரி வெள்ளையாயிருச்சு, அடிக்காத மருந்து இல்ல. 2010-ல புவேர்ட்டோ ரிக்கோவுல இருந்து அசரோஃபேகஸ்ங்கற ஊசிமொனை அளவு குளவியைக் கொண்டுவந்து, பெருக்கி விட்டாங்க, கொஞ்ச மாசத்துல அடங்கிருச்சு. மருந்தை மீறற பூச்சி வரும், ஆனா குளவியும் உசுருள்ளது, பூச்சி மாறுனா அதுவும் பின்னாடியே மாறும். டப்பால இருக்கற மருந்து மாறாது.

சுருள் வெள்ளை ஈ 2016-ல பொள்ளாச்சி ஆனைமலைப் பக்கம் மொதல்ல தெரிஞ்சுது. நானும் மொத வருஷம் பயந்துபோய் ரெண்டு தடவை மருந்து அடிச்சேன், அடுத்த மாசம் முன்னைவிட எச்சா வந்துச்சு. இதுக்கும் என்கார்சியான்னு ஒரு குளவி இருக்குது, இங்கயே தானாப் பெருகுது, நான் அடிச்ச மருந்து ஈயைவிட அதைத்தான் நல்லாக் கொன்னுச்சு. அதுக்கப்புறம் மருந்து அடிக்கலை. மஞ்சள் அட்டையில வெளக்கெண்ணெய் தடவிக் கட்டுனேன், கைக்கு எட்டற மரத்துக்கு விசையாத் தண்ணி பீச்சுனேன், எட்டாததை விட்டுட்டேன்.

அந்தக் கரி ஈ இல்லைங்க, ஈ கழிக்கற தேன் மாதிரித் தண்ணி மேல வளர்ற பூஞ்சணம், அதைப் பாத்துப் பதற வேண்டாம். கீழ் ஓலை ஒண்ணை அறுத்துத் திருப்பிப் போட்டு, புள்ளைங்க வெச்சிருக்கற லென்ஸ் ஒண்ணுல பாருங்க. வெள்ளை மெழுகுக்கு நடுவுல ஈயோட கூட்டுப்புழு தட்டையா ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுல சிலது கறுத்துப்போய், முதுகுல குண்டூசி குத்துன மாதிரி வட்டமா ஓட்டை இருந்துச்சுன்னா, குளவி உங்க தோப்புக்கு வந்து முட்டை வெச்சு, குஞ்சும் வெளிய போயிருச்சுன்னு அர்த்தம். அப்படி ஓலை கெடைச்சா குளவி வராத தோப்புக்காரங்களுக்கு நாலு துண்டு அறுத்துக் குடுங்க, அவங்க மரத்துல கட்டிவிடட்டும். எனக்கு அப்படித்தான் பக்கத்துத் தோட்டத்துல இருந்து வந்துச்சு.